ஒரேயடியா வாங்கிக் குவிக்கிறதா, ரெண்டு வார சாமான் எப்பவும் கையில வச்சிருக்கிறதா?

எங்கயாவது ஒரு புது கிருமி பத்தி நியூஸ் வந்தா போதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அடுத்த மெசேஜே "அரிசி வாங்கி வச்சிரலாமா, முஸ்தபாவுல கூட்டம் எப்படி இருக்கு"ன்னுதான் வருது (முஸ்தபா, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல இருக்குற பெரிய கடை). கேக்குறதுல தப்பே இல்ல, சின்னப் பிள்ளைங்களும் வயசானவங்களும் இருக்குற வீட்ல இந்தக் கவலை வரத்தான் செய்யும். ஆனா வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எதுக்காக வாங்குறோம்னு பாக்கணும். கடையில சாமான் தீந்துரும்னு பயந்து வாங்குறது ஒரு வகை. கடை நிறைய சாமான் இருந்தும் நம்மளால வாசலைத் தாண்ட முடியாம போயிரும்னு வாங்குறது வேற வகை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் தேவையில்லாதது வீட்ல குவியுது, தேவையானது இல்லாம போகுது. கொரோனா நேரத்துல, சிங்கப்பூர்ல 2020, 2021ல நடந்ததை நினைச்சுப் பாருங்க, முதல் வகை சில நாள்ல அடங்கிருச்சு, ரெண்டாவதுதான் வீடு வீடா வந்துச்சு.

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, நோய்ப் பரவலுக்கான எச்சரிக்கை நிலை, அதாவது டோர்ஸ்கான், ஆரஞ்சுன்னு அறிவிச்சாங்க. அன்னைக்கு சாயங்காலமே சூப்பர்மார்க்கெட்ல அரிசி, மேகி, டாய்லெட் பேப்பர் எல்லாம் காலி, டிராலி மேல டிராலி, கேஷியர் வரிசை கடைக்குள்ளயே சுத்தி வந்து நின்னுச்சு. ரெண்டு நாள்ல என்டியுசி ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல ஆளுக்கு இவ்வளவுதான்னு வரம்பு வச்சாங்க, அரிசி ரெண்டு பை, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் நாலு கட்டு, பேப்பர் சாமான் நாலு பேக், காய்கறி 50 வெள்ளிக்குள்ள. அப்புறம் மார்ச் 16 ராத்திரி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிச்சதும் இன்னொரு தடவை, கோழி, முட்டை, காய் எல்லாம் அங்கேர்ந்துதானே வருதுன்னு எல்லாரும் ஓடினாங்க. ஏப்ரல் 3ஆம் தேதி சர்க்யூட் பிரேக்கர்ங்கிற ஊரடங்குப் பேச்சு வந்தப்ப திரும்பவும். ஒவ்வொரு தடவையும் சரக்கு லாரி வந்து இறக்கினதும் அலமாரி நெறஞ்சுருச்சு. நம்ம ஊர்ல விளையுறது ரொம்பக் கொஞ்சம், 90 விழுக்காட்டுக்கு மேல சாப்பாடு வெளியிலேர்ந்துதான் வருது, அது உண்மைதான், ஆனா அதனாலதான் ஒரே நாட்டை நம்பாம பல நாட்டுலேர்ந்து எடுக்குறாங்க. அரிசி இறக்குமதி பண்றவங்க மாசம் எவ்வளவு கொண்டு வர்றாங்களோ அதுல ரெண்டு மடங்கு எப்பவும் இருப்பு வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு.

2023 ஜூலைல இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினப்பவும் நம்ம ஆளுங்களுக்குத்தான் முதல்ல பதட்டம். அடுத்த மாசமே புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வேற போட்டாங்க. ஆனா ஆகஸ்ட் கடைசியில சிங்கப்பூருக்குன்னு 50,000 டன் தனியா அனுமதி கொடுத்தாங்க. அரிசியே இல்லாம யாரும் நிக்கல.

இப்ப ரெண்டாவது வகைக்கு வாங்க. 2020ல வெளிநாட்டுலேர்ந்து வந்தா 14 நாள் வீட்டுக்குள்ளயே, தொற்று உள்ளவர் கூட இருந்தோம்னு தெரிஞ்சா அதுக்கும் 14 நாள் தனிமை. 2021 செப்டம்பர்ல வீட்லயே இருந்து குணமாகுற திட்டம் வந்தப்ப தடுப்பூசி போட்டவங்களுக்கு 10 நாள், கூட இருக்குறவங்களும் உள்ள. அந்த நேரம் கீழ் கடையில எல்லாமே இருந்துச்சு, நமக்குத்தான் லிஃப்ட் பட்டனை அமுக்கக் கூடாது. அதுலயும் உடம்பு முடியாம படுத்திருக்குற நேரம், சாம்பார் வச்சு பொரியல் பண்ற தெம்பு யாருக்கும் இருக்காது, நாக்குல ருசியே தெரியாதப்ப கஞ்சியும் ரசமும்தான் இறங்கும். அதனால என் கணக்கு 14 நாள், அது கடைக்கான கணக்கு இல்ல, நம்ம கதவுக்கான கணக்கு. இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொரு வழியா பாப்போம்.

செய்தி வந்த அன்னைக்கே டாக்ஸி பிடிச்சுப் போய் ரெண்டு மாசத்துக்கு அள்ளிட்டு வர்றது முதல் வழி. மனசுக்கு நிம்மதி, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன், பயத்துல இருக்குறவங்களுக்கு நிறைஞ்ச அலமாரியைப் பாத்தா தூக்கம் வரும். ஆனா அன்னைக்குத்தான் கடையில கூட்டம் ரொம்ப அதிகம், மூச்சு வழியா பரவுற நோய்க்குப் பயந்து மூச்சு முட்டுற கூட்டத்துக்குள்ளயே போய் நிக்கிறோம். வழக்கமா வாங்குற பிராண்ட் இருக்காது, எது மிச்சம் இருக்கோ அதை எடுக்கணும், வீட்ல யாரும் தொடாத பாஸ்தா பத்து பாக்கெட் வந்து சேரும். கை நிறைய காசு இருக்குறவங்களால மட்டும்தான் இது முடியும்ங்கிறது எனக்கு இன்னும் உறுத்துற விஷயம். மாசச் சம்பளம் 7ஆம் தேதி வர்ற வீட்ல அதுக்கு முன்னாடி எப்படி ரெண்டு மாச சாமான் வாங்குவாங்க, அவங்க போறப்ப அலமாரி காலியாத்தான் இருக்கும்.

எதையுமே சேக்காம அன்னன்னைக்கு கீழ இறங்கி வாங்குறது அடுத்த வழி. நல்ல நாள்ல இதுதான் வசதி, வீட்ல இடம் அடைக்காது, காய் ஃப்ரெஷ்ஷா இருக்கும், பக்கத்துலயே மினிமார்ட் இருக்குற நம்ம ஊருக்கு ஏத்ததும் கூட. தனியா இருக்குற இளவட்டங்க பெரும்பாலும் இப்படித்தான். ஆனா திடீர்னு கொரோனா சோதனைல ரெண்டு கோடு வந்துருச்சுன்னா அன்னைக்கு ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல அரை எலுமிச்சம்பழமும் ஊறுகாயும்தான் இருக்கும். சாப்பாடு டெலிவரி இருக்கேன்னு சொல்லலாம், இருக்கு, ஆனா நாலு பேர் இருக்குற வீட்டுக்கு மூணு வேளையும் பத்து நாள் ஆர்டர் பண்ணா பில் தாங்காது, காய்ச்சல் வாய்க்கு வெளிச் சாப்பாட்டு எண்ணெயும் ஒத்துக்காது.

ஆன்லைன்ல வாங்கிக்கிறேன்னு நம்பி இருக்குறது இன்னொண்ணு. சாதாரண நாள்ல நல்லதுதான், பத்து கிலோ அரிசியைத் தூக்கிட்டு பஸ்ல வர வேண்டாம், முதுகுவலிக்காரங்களுக்கு வரப்பிரசாதம். ஆனா எல்லாருக்கும் ஒரே நாள்ல தேவைப்படுறப்ப முதல்ல அடைக்கிறது இந்த வழிதான். 2020 ஏப்ரல்ல கூடையில சாமான் போட்டு வச்சுக்கிட்டு நடுராத்திரி வரைக்கும் ஸ்லாட்டுக்காக முழிச்சிருந்த வீடு எத்தனை. அதனால ஆன்லைனை ஸ்டாக் நிரப்ப வச்சுக்கலாம், அது மட்டுமே ஸ்டாக்னு நம்பக் கூடாது.

நான் சொல்ற வழி, ரெண்டு வாரத்துக்கான சாமான் எப்பவும் வீட்ல இருக்குற மாதிரி சுத்தவிடுறது. தனியா ஒரு பேழையில பூட்டி வைக்கிற அவசரகால சாமான் இல்ல இது, நாம தினம் சாப்பிடுற அதே பொன்னி அரிசி, அதே துவரம்பருப்புதான், ஒரு பாக்கெட் கூடுதலா இருக்கும், பழசைப் பிரிச்ச அன்னைக்கு புதுசு லிஸ்ட்ல ஏறும், புதுசு பின்னாடி போகும், பழசு முன்னாடி வரும். அவ்வளவுதான். ஒரே மாசத்துல பெரிய செலவு வராது, வாராவாரம் அஞ்சு பத்து வெள்ளி கூடுதலாப் போனா ரெண்டு மாசத்துல நெறஞ்சுரும். பதட்டமான அன்னைக்கு நாம கடைக்கே போக வேண்டியதில்ல, நமக்குப் பதிலா தேவைப்படுற ஒருத்தர் அந்தப் பையை எடுத்துக்கட்டும்.

அளவு எவ்வளவுன்னு கேட்டா, நாலு பேர் வீடுன்னு வச்சுக்குங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 200 கிராம் அரிசி, இட்லி தோசைக்கும் சேத்து. ஒரு நாளைக்கு 800 கிராம், 14 நாளைக்கு 11 கிலோ. அன்னைக்கு ஃபேர்பிரைஸ் வச்ச ரெண்டு பை வரம்பு சேர்ந்து 20 கிலோ வரைக்கும் இருந்துச்சு, அதை "இவ்வளவுதானா"ன்னு திட்டினவங்க நிறைய, ஆனா கணக்குப் பாத்தா அது நாலு பேருக்கு மூணு வாரத்தைத் தாண்டும். பருப்பு எல்லா வகையும் சேத்து ரெண்டரை கிலோ, எண்ணெய் ரெண்டு லிட்டர் பாட்டில் ஒண்ணு பிரிக்காம, புளி, உப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள் ஒவ்வொண்ணுலயும் ஒரு பாக்கெட் கூடுதலா. ரவை, சேமியா, அவல் வச்சுக்குங்க, உடம்பு முடியாத அன்னைக்கு பத்து நிமிஷத்துல ஒரு வேளை ஆகிடும். மினரல் வாட்டர் பாட்டில் கட்டு கட்டா தூக்குறவங்களைப் பாத்தா மனசு கேக்காது, நம்ம குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம், அந்த இடத்துல இன்னொரு பை பருப்பு வைங்க.

அரிசி பத்தி கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா மொத்தமா வாங்கினவங்க நிறைய பேர் அடிபட்டது இங்கதான். நம்ம ஊர் வெக்கையும் ஈரப்பதமும் வண்டுக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டு வெளியிலேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சு டப்பாவை இறுக்கி மூடுறோம், ஆனா பெரும்பாலும் அரிசி மணிக்குள்ளயே முட்டை இருக்கும், பை பிரிக்காமயே மூணு நாலு மாசம் கிடந்தா ஒரு நாள் அடியில மாவு மாதிரி தூள் படிஞ்சிருக்கும், கையை விட்டா கறுப்பா ஊரும். வேப்பிலை, காஞ்ச மிளகாய் போடுறது பழைய வழக்கம், போடுங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு கிலோ ரெண்டு கிலோவா பையில கட்டி ஃப்ரீசர்ல நாலஞ்சு நாள் வச்சு எடுத்தா முட்டை செத்துரும். எடுத்ததும் உடனே பிரிக்காதீங்க, பை வெளிச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் மூடியே இருக்கட்டும், இல்லன்னா உள்ள தண்ணி கோத்து பூஞ்சை பிடிச்சுரும். பத்து கிலோ பை ஒண்ணு வாங்குறதுக்குப் பதிலா அஞ்சு கிலோ பை ரெண்டு வாங்குறது கிலோவுக்கு கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனா ஒண்ணுல வண்டு விழுந்தா இன்னொண்ணு தப்பிக்கும், தூக்குறதும் லேசு. சிவப்பரிசி, கைக்குத்தல் அரிசி எல்லாம் நிறைய வாங்கி வைக்காதீங்க, தவிட்டுல எண்ணெய் இருக்குறதால சீக்கிரம் சிக்கு வாடை வரும். ஆட்டாவும் அப்படித்தான், பெரிய பை பிரிச்சு ரெண்டு மாசம் கழிச்சு சப்பாத்தி போட்டா லேசா கசக்கும். பிரிக்காத துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கடலை எல்லாம் நல்லா நிக்கும்.

வைக்கிற இடம்னு பாத்தா புது எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடுகள்ல பாம் ஷெல்டர்ங்கிற கெட்டிச் சுவர் அறைதான் எல்லாருக்கும் ஸ்டோர் ரூம். இருட்டா இருக்கும், வெயில் படாது, அது நல்லது, ஆனா கதவு மூடியே கிடந்தா புழுக்கம். தரையில நேரா பையை வைக்காம பலகை மேலயோ ரேக் மேலயோ வைங்க. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில போடாதீங்க, ரெண்டும் சீக்கிரம் முளைக்கும். பழைய மூணு ரூம் வீட்ல அந்த ஷெல்டர் இருக்காது, கட்டிலுக்கு அடியில மூடி போட்ட டப்பாதான் வழி, அதுக்கு மேல சேக்க ஆசைப்படாதீங்க.

ஃப்ரிட்ஜ்ல என்ன, தேங்காய்த் துருவல் சின்னச் சின்ன பாக்கெட்டா, கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போக உலத்தி ஒரு டப்பா, மீன் ரெண்டு வேளைக்கு, ஃப்ரோசன் பிராட்டா ஒரு கட்டு பிள்ளைங்களுக்கு. முட்டை 30 உள்ள தட்டு ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல மூணு வாரம் தாராளமா நிக்கும். பால் பாக்கெட் வேணாம், வெளியிலயே வைக்கக்கூடிய யுஎச்டி பால் நாலஞ்சு லிட்டர் போதும், பிரிச்சா மட்டும் ஃப்ரிட்ஜ்.

எங்க வாங்குறதுங்கிறதுல எனக்குத் தெளிவான கருத்து இருக்கு, ஒரே இடத்தை நம்பாதீங்க. முஸ்தபாவுல பருப்பு, மசாலா, அரிசி வகை அவ்வளவு இருக்கு, விலையும் பரவாயில்ல, ஆனா 2020 ஏப்ரல் ஆரம்பத்துல அங்க தொற்று வந்து கடையையே மூடினாங்க, மே மாசம்தான் திறந்தாங்க, அங்க மட்டுமே மாச சாமான் வாங்கின வீடுகளுக்கு அது பெரிய அடி. தேக்கா மார்க்கெட்ல மீனும் ஆட்டுக்கறியும் கீரையும் மாதிரி வேற எங்கயும் கிடைக்காது, நெரிசலும் அதே அளவு. அந்த ஏப்ரல்ல கேலாங் செராய், சோங் பாங், ஜூரோங் வெஸ்ட் 505, மார்சிலிங் 20/21 மார்க்கெட்டுகள்ல அடையாள அட்டை கடைசி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு பாத்துத்தான் உள்ள விட்டாங்க, தேதியும் எண்ணும் சேரலன்னா திரும்பி வரணும். என்டியுசி, ஷெங் சியோங் சூப்பர்மார்க்கெட்டுங்க வீட்டுப் பக்கத்துலயே இருக்கும், பொன்னியும் துவரம்பருப்பும் பெரும்பாலான கிளைல கிடைக்கும், ஆனா இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய்க்கு எல்லா கிளையையும் நம்ப முடியாது. ப்ளாக்குக்குக் கீழ இருக்குற நம்மாளு மினிமார்ட்ல பத்து இருபது காசு கூட இருக்கலாம், ஆனா வயசான அம்மா போன் பண்ணி "தம்பி, ரெண்டு கிலோ ரவை மேல குடுத்து விடுப்பா"ன்னு சொன்னா கதவு வரைக்கும் வரும், கேட்டுல மாட்டிட்டுப் போயிருவாரு. அந்தப் பழக்கத்தை நல்ல நாள்லயே வச்சுக்கிட்டாத்தான் கெட்ட நாள்ல கேக்க முடியும். அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்குற சிடிசி பற்றுச்சீட்டுல சூப்பர்மார்க்கெட்டுக்குன்னு ஒரு பங்கு, அக்கம்பக்கக் கடைக்கும் ஹாக்கருக்கும்னு ஒரு பங்கு இருக்குல்ல, அந்த ரெண்டாவது பங்கை அவர் கடை திட்டத்துல சேந்திருந்தா இங்க செலவு பண்ணுங்க.

சாப்பாடு அல்லாத சாமான்ல டாய்லெட் பேப்பருக்கு அடிச்சுக்கிட்டது நம்ம வீடுகளுக்கு அவ்வளவு தேவையே இல்லாத சண்டை, நமக்குத் தண்ணி இருக்கு. உண்மையில தீந்தா தவிச்சுப் போறது வேற. பிள்ளைக்கு டயப்பர், அது குடிக்கிற அதே பால் மாவு, நாப்கின், துணி சோப்பு, குப்பைப் பை. எல்லாத்துக்கும் மேல மருந்து. சக்கரை, பிரஷர் மாத்திரையை கடைசி அட்டை வரைக்கும் விட்டுட்டு பாலிகிளினிக் போறவங்க நிறைய, எப்பவும் ரெண்டு வாரம் மிச்சம் இருக்குறப்பவே அடுத்ததை வாங்கிடுங்க, வீட்டுக்கே அனுப்புற வசதியும் இருக்கு. பனடோல், ஓஆர்எஸ், தெர்மாமீட்டர், மாஸ்க் ஒரு பெட்டி, வீட்லயே கொரோனா சோதனை பண்ற ஏஆர்டி கிட் நாலஞ்சு, கிட்டுல காலாவதித் தேதி பாத்து வாங்குங்க, 2021ல கொடுத்ததை இன்னும் அலமாரியில வச்சிருந்தா அது உதவாது. இன்னும் கேஸ் சிலிண்டர்ல சமைக்கிற பழைய வீடுகள்ல இருக்குறவங்க கூடுதல் சிலிண்டர் வாங்கி அடுக்காதீங்க, ஆபத்து, சிலிண்டர் எப்ப மாத்தினோம்னு காலண்டர்ல எழுதி வச்சா தீர்றதுக்குள்ள கூப்பிட்டுரலாம்.

நான் இதுவரை சொன்னது எல்லாம் சொந்த அடுப்பு, சொந்த ஃப்ரிட்ஜ் இருக்குறவங்களுக்கு. ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து மூணு நாலு பேர் தங்குற தம்பிங்க, தங்கச்சிங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டுதான், சில வீட்ல சமைக்கவே விட மாட்டாங்க, கெட்டில் மட்டும்தான். அவங்களுக்கு ரெண்டு வாரம்லாம் வேணாம், அஞ்சு நாளைக்கு இருந்தாலே பெரிய விஷயம். அவல், ஓட்ஸ், சத்து மாவு, பால் பவுடர், பேரீச்சம்பழம், சார்டின் டின், பொடி வகை, ரஸ்க், இதெல்லாம் அடுப்பில்லாம ஓடும், ஒரு மூடி போட்ட பெட்டியில அடங்கிரும். சமைக்க விடுற வீடா இருந்தா ஆளாளுக்கு அஞ்சு கிலோ வாங்காம ரூம்ல எல்லாரும் காசு போட்டு ஒரே அரிசி, ஒரே பருப்பு. ஒருத்தருக்கு உடம்பு முடியாம போனா வெளியிலேர்ந்து சாமான் கொண்டு வந்து வாசல்ல வைக்க வேற ப்ளாக்ல இருக்குற ஒரு கூட்டாளி யாருன்னு முன்னாடியே பேசி வச்சிருக்கணும், ஏன்னா அந்த நேரம் ரூம்ல இருக்குற எல்லாருமே உள்ளதான் இருப்பீங்க. வெளிநாட்டு ஊழியர்கள் தங்குற டார்மிட்டரில இருக்குற அண்ணன் தம்பிங்களுக்கு இந்த முடிவே கையில இல்ல, 2020ல கேட்டரிங்ல என்ன வந்துச்சோ அதுதான். வெளிய சொந்தக்காரங்க இருக்குறவங்க ஊறுகாய், பருப்புப் பொடி, பிஸ்கட் மாதிரி கெடாததை நல்ல நாள்லயே கொண்டு போய்க் கொடுத்துருங்க.

இன்னைக்கே ஆரம்பிக்கிறதா இருந்தா முதல் வாரம் மருந்தைப் பாருங்க, அது மட்டும்தான் மாத்து வழி இல்லாதது. அடுத்த வாரம் அரிசி அஞ்சு கிலோ ஒண்ணு கூடுதல், அதுக்கு அடுத்த வாரம் பருப்பும் எண்ணெயும், பிள்ளைங்க இருக்குற வீடா இருந்தா டயப்பரும் பால் மாவும் அரிசிக்கும் முன்னாடி. பாக்கெட் மேல வாங்குன மாசத்தை மார்க்கர்ல பெருசா எழுதிருங்க, எது பழசுன்னு தேட வேண்டியிருக்காது.